சர்வரை முழுதாக நகலெடுத்து மீட்டல்

அரையாண்டு விடுமுறை முடிந்து கணினி ஆய்வகத்தைத் திறந்த அன்று எங்கள் சர்வர் எழவில்லை. வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் இணையம் கிடையாது. கோலிப்ரி பாடங்கள், கிவிக்ஸ் வழியே விக்கிப்பீடியா, பன்னிரண்டாம் வகுப்பினரின் பைத்தான் நிரல்கள் எல்லாம் உபுண்டு நிறுவிய அந்த ஒரு கணினியில்தான் இருந்தன. நிரல்களை மட்டும் பென்டிரைவில் வைத்திருந்தேன். ஆனால் புது வன்தட்டில் இயங்குதளத்தை நிறுவி, மாணவர் கணக்குகளை உருவாக்கி, பாடங்களை மறுபடி ஏற்றி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. செய்முறைத் தேர்வு நெருங்கிய நேரம் அது.

கோப்புகளை நகலெடுத்தால் போதாது, வன்தட்டையே நகலெடுக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. அதற்குக் குளோன்ஸில்லாவைப் பயன்படுத்துகிறேன். தைவானில் உருவான இலவசக் கட்டற்ற மென்பொருள். பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்குவது இதன் சிறப்பு. சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். நகலின் ஒரு பகுதி பழையதாகவும் மறுபகுதி புதியதாகவும் அமைந்துவிடலாம். பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது வன்தட்டில் எதுவும் மாறாது.

இணையம் உள்ள வேறொரு கணினியில் குளோன்ஸில்லாவைப் பதிவிறக்கி, ரூபஸ் மென்பொருளால் பென்டிரைவில் எழுதிக்கொள்ளலாம். சர்வரை முறைப்படி நிறுத்திவிட்டு, பென்டிரைவையும் வெளிப்புற வன்தட்டையும் இணைத்து, பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கணினியில் அதற்கு எஃப்12 விசை; தயாரிப்புக்கேற்ப மாறும். பிறகு 'டிவைஸ்-இமேஜ்', 'லோக்கல்-டெவ்', 'பிகினர்', 'சேவ்டிஸ்க்' எனத் திரை கேட்கும் வரிசையில் செல்லலாம். பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டுமே சுருக்கிச் சேமிப்பதால், 500 ஜிபி வன்தட்டில் 180 ஜிபி நிரம்பியிருந்தால் படிமமும் அதற்குள் அடங்கிவிடும். படிமத்தைச் சரிபார்க்கவா என்றும் கேட்கும். நேரமாகிறதே என்று தவிர்க்காதீர்கள்.

படிமம் எடுத்ததும் நிம்மதியாகிவிட்டேன். மீட்டுப் பார்க்கலாமே என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கையிலிருந்த 480 ஜிபி எஸ்எஸ்டியில் அது ஏறாது என்று. தகவல் 180 ஜிபிதான். ஆனாலும் பகுதிகளின் எல்லைகள் 500 ஜிபிக்கு வகுக்கப்பட்டவை. புது வட்டு பழையதன் அளவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்க வேண்டும். நண்பரிடம் 1 டிபி வட்டு வாங்கி 'ரீஸ்டோர்டிஸ்க்' கொடுத்தேன். மாணவர் கணக்கில் நுழைந்ததும் நிரல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடந்தது. அது பெரிய குறையல்ல.

மீட்கும்போது மிகுந்த கவனம் தேவை. இலக்கு வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் குளோன்ஸில்லா இரண்டு முறை 'ஒய்' கேட்கிறது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை மட்டும் நம்பாமல் அளவையும் மாடலையும் பாருங்கள். ஒத்திகையின்போது மூல வன்தட்டைக் கழற்றி வைத்துவிடுவது என் வழக்கம். மூலமும் நகலும் ஒரே அடையாள எண்களைக் கொண்டிருப்பதால், இரண்டையும் சேர்த்து மாட்டி இயக்கினாலும் குழப்பம் வரும்.

இப்போது ஒவ்வொரு பருவ முடிவிலும் தேதியைப் பெயராக இட்டுப் படிமம் எடுக்கிறேன். வெளிப்புற வன்தட்டு ஆய்வகத்தில் இல்லை, தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. பூட் விசை, வட்டின் அளவு, தேர்வு செய்ய வேண்டிய வரிசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதனுடன் வைத்திருக்கிறேன். எனக்கு மாறுதல் வந்தால் அடுத்து வருபவருக்கு அந்தத் தாள் உதவும்.