பற்றறியைப் பட்டினி போடாதீர்கள்

பல வாரம் நிறுத்திவைத்த படகு ஜெனறேற்றரையோ உழவு இயந்திரத்தையோ இயக்கப் போனால் 'டிக்' என்ற ஒலி மட்டும் வருகிறதா? பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இல்லை. பற்றறி பட்டினி கிடக்கிறது.

ஈய அமிலப் பற்றறி சும்மா இருந்தாலும் மின்னை இழக்கும். வெக்கையில் இன்னும் விரைவாக இழக்கும். மின் குறைந்தபடியே விட்டால் தகடுகளில் வெள்ளைப் படிவு இறுகும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினாலும் பழைய வலு வராது.

ஒரு கணக்குப் பாருங்கள். இயந்திரத்தை ஒருமுறை இயக்க 100 அம்பியர் மின் 3 விநாடிக்குத் தேவை என்று வைப்போம். 12 வோற்றுப் பற்றறியில் 12 வாற்று விளக்கை 5 மணித்தியாலம் எரித்தால், 60 முறை இயக்கக்கூடிய மின் போய்விடும். ஆகவே விளக்குக்கும் வானொலிக்கும் வேறு பற்றறி வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. இயந்திரம் நிற்கும் காலத்திலும் மாதம் ஒருமுறை முழுமையாக மின்னேற்றுங்கள். ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓட்டுவது போதாது.

2. மின்னேற்றிச் சில மணித்தியாலம் கழித்து அளந்தால் 12.6 வோற்று அளவில் இருக்கவேண்டும். 12.4க்குக் குறைந்தால் மீண்டும் ஏற்றுங்கள்.

3. நிறுத்திவைக்கும்போது கழித்தல் (−) குறியுள்ள முனையின் வயரைக் கழற்றிவிடுங்கள்.

4. மூடி திறக்கும் பற்றறியில் தகடுகள் மூழ்கும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுங்கள். கிணற்று நீர் கூடாது.

5. முனைகளில் பூக்கும் தூளைத் துடைத்து, இறுக்கி, கிறீஸ் பூசுங்கள்.

6. மின்னேற்றும்போது தீப்பற்றும் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்; நெருப்பை அண்டவிடாதீர்கள்.

இடம்பெயர்ந்து புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்குப் புதுப் பற்றறி பெருஞ்செலவு. மாதம் ஒருநாள் கவனம் அந்தச் செலவைத் தள்ளிப்போடும்.