கோயிற்காட்டில் ஒரு நாள் சிரமதானம்

அய்யனாருக்கும் அம்மனுக்கும் விடப்பட்ட சிறு காடுகள் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் உண்டு. அவற்றில் கிளை ஒடிப்பதும் தெய்வக் குற்றம் என்ற அச்சமே நெடுங்காலம் வேலியாக நின்று காத்தது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயிலைச் சூழ்ந்த காடு ஏறத்தாழ 5 எக்டேர் பரப்பே உடையது. எனினும் 2025ஆம் ஆண்டில் அரசு அதனைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அளவிற் சிறிய காட்டுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கோடரிக்குத் தப்பிய காடுகள் பலவற்றுள் இன்று உண்ணிச்செடி புகுந்து பரவியிருக்கிறது. அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளுக்கு உரிய இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டது. இதன் கருநிறப் பழங்களை மைனாவும் சின்னானும் தின்று, தாம் அமரும் மரத்தடிகளில் விதைகளை எச்சத்தோடு இடுகின்றன. செடி அடர்ந்த இடத்தில் வெயில் தரையில் விழாது. வீரை, காசா போன்ற நம் மரங்களின் கன்றுகள் தலையெடுப்பதில்லை. முதிய மரம் விழும்போது அதன் இடத்துக்கு வர வாரிசு இல்லாமற் போகிறது. காடு வெளிப்பார்வைக்குப் பசுமையாகவே இருப்பதால் இவ்விழப்பை ஊரார் உடனே உணர்வதில்லை.

இதனைக் களைய ஊராட்சி மன்றம் ஒரு நாள் சிரமதானம் நடத்தலாம். முன்னதாகப் பூசாரியையும் ஊர்ப் பெரியவர்களையும் கலந்துகொள்ளவேண்டும். காட்டினுள் வெட்டுக்கருவி கொண்டு செல்லத் தடையுள்ள கோயில்களும் உண்டு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சியில் அமையவேண்டிய மேலாண்மைக் குழுவே இப்பணியை ஏற்பது பொருத்தம். காப்புக்காடாயின் வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே கை வைக்கலாகாது.

எங்கே தொடங்குவது? புதர் மிக அடர்ந்த இடத்திலேயே இறங்கவேண்டும் என்றுதான் அனைவருக்கும் தோன்றும். அது தவறு. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரைச் சேர்ந்த ஜோன், எய்லீன் பிராட்லி என்னும் சகோதரியர் 1960களில் தம் பகுதிக் காட்டில் களையெடுத்துக் கண்ட முறை வேறு. நல்ல மரங்கள் நிறைந்து, களை சிறிதே உள்ள இடத்தில் தொடங்கி, அங்கிருந்து களை மிகுந்த பக்கமாக மெல்ல நகரவேண்டும் என்றனர் அவர்கள். அடர்ந்த புதரை ஒரே நாளில் அழித்தால் வெறுந்தரையில் வெயில் பாய்ந்து, மண்ணிற் கிடக்கும் உண்ணி விதைகளே முதலில் முளைக்கும். நல்ல இடத்திலோ, களை நீங்கியதும் அருகிலுள்ள மரங்களின் கன்றுகள் அவ்விடத்தை நிரப்பிக்கொள்ளும். கூட்டமும் ஆரவாரமும் பெரிதாக இருப்பின் இவ்விதியைக் காப்பது அரிது. ஆகவே சிலர் வந்தாலும் போதும் என்பதே எமது கருத்து.

கோடை மழை பெய்து மண் இளகிய பின், செடி மிகுதியாகக் காய்ப்பதற்கு முன், நாள் குறிப்பது நலம். காலையில் முதல் வேலை அரிவாள் எடுப்பதன்று. ஊர்ப் பெரியவர் ஒருவருடன் சென்று, காக்கவேண்டிய கன்றுகளின் அருகே குச்சி நட்டுத் துணி கட்டுவதாகும். அதன்பின் தூரின் அடிமண்ணைக் கொத்தி, தரைக்குக் கீழ் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, செடியை முழுதாகத் தூக்கவேண்டும். தரைக்கு மேல் வெட்டினால் ஒரு தண்டுக்குப் பல தண்டாகத் துளிர்க்கும். அன்றைய உழைப்பு களையை வளர்த்ததாகவே முடியும். பிடுங்கிய செடியை வேர் மேலாகத் தலைகீழாய் வைத்தால் மீண்டும் வேர்பிடிக்காது. காட்டினுள் தீ வைக்கலாகாது. தழையை மாடு ஆடு மேயும் இடத்திற் போடவும் கூடாது. தின்ற கால்நடைக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும். புதரடியில் விரியன் இருக்கக்கூடுமாதலால் செருப்பின்றி எவரையும் இறங்க விடாதீர்கள்.

உலர்ந்த தண்டு வீணன்று. நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்கள் உண்ணித் தண்டினால் செய்த ஆளுயரத்துக்கும் மேற்பட்ட யானை உருவங்கள் 2021ஆம் ஆண்டில் லண்டன் நகரப் பூங்காக்களிற் காட்சிக்கு நின்றன. நம் ஊரில் வேலி அடைக்கவாவது அது உதவும்.

எடுத்த இடத்தில் உடனே மரக்கன்று நடவேண்டும் என்று சிலர் வற்புறுத்துவர். நடுவிழாவில் நமக்குள்ள ஆர்வம் யாவரும் அறிந்ததே. தானாக முளைப்பது என்ன என்று ஒரு மழைக்காலம் பொறுத்துப் பார்ப்பது மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் உண்ணி நாற்றுகள் மீண்டும் தோன்றும். குறிப்பாகப் பறவைகள் அமரும் மரங்களின் அடியைப் பார்க்கவேண்டும். தை மாதத்தில் மண் ஈரமிருக்கும்போதே நாலைந்து பேர் சென்று கையாற் பிடுங்கினாற் போதும், கடப்பாரை வேண்டா. மறு ஆண்டும் இவ்வாறே செய்க. அடுத்த பகுதியில் எவ்வளவு எடுப்பது என்பதை, முன்பு எடுத்த இடத்தை இவ்வாறு சுற்றிப் பார்த்த பின்னரே மன்றம் தீர்மானிக்கலாம்.