சாவி கொடுத்தாயிற்று, முற்பணம் வரவில்லை

கேள்வி: கட்டுகஸ்தோட்டையில் ஒரு மேல்மாடி வீட்டில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தோம். மாத வாடகை 30,000 ரூபா. ஆறு மாத அட்வான்ஸ் 180,000 ரூபாவை வங்கியில் போட்டோம். நொத்தாரிசிடம் எழுதவில்லை, இருவரும் ஒப்பமிட்ட ஒரு கடிதம்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் சாவியை ஒப்படைத்தோம். “அடுத்த ஆள் அட்வான்ஸ் தந்ததும் தருகிறேன்” என்ற வீட்டுக்காரர், இப்போது பெயின்ட், சுவரில் ஈரம் என்று பாதியைக் கழிக்கப் பார்க்கிறார். என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, குண்டசாலை

பதில்: சகோதரி, அந்தப் பணம் உங்களுடையது. புதிதாக ஆள் வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்படியொரு நிபந்தனை கடிதத்தில் இல்லாவிட்டால் அவர் அதைக் காரணம் காட்ட முடியாது.

நொத்தாரிசிடம் எழுதாததை நினைத்துக் கலங்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஆகவே இரண்டு வருடக் குத்தகை என்று உங்கள் கடிதம் நிற்காது. மாத வாடகையாகவே கொள்ளப்படும். ஆனால் அவர் பணம் வாங்கினார் என்பதற்கு அந்தக் கடிதமும் வங்கிச் சீட்டும் நல்ல சாட்சிகள்.

கழிவு விடயத்தில் நியாயமாக இருப்போம். மின்கட்டண, தண்ணீர்ப் பாக்கி, நீங்கள் உடைத்த கண்ணாடி, கழற்றிப் போன பூட்டு ஆகியவற்றை அவர் கழிக்கலாம், பற்றுச்சீட்டோடு. இரண்டு வருடம் மனிதர் வாழ்ந்த வீட்டில் பெயின்ட் மங்கத்தான் செய்யும். இயல்பான தேய்மானத்தை வாடகைக்காரர் தலையில் கட்ட நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டம் இடம் தருவதில்லை. ஈரமும் அப்படியே. கண்டி மழையில் கூரையும் வெளிச்சுவரும் கசிந்து பூஞ்சணம் பிடித்தால், அதைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. குடியிருந்த காலத்தில் ஈரத்தைப் பற்றி அவருக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

இனித் தொலைபேசியில் பேசிப் பயனில்லை. தொகை, சாவி கொடுத்த திகதி, பணம் தர 14 நாள் அவகாசம், உங்கள் வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் சிங்களம் வாசிப்பவரென்றால் சிங்களத்திலேயே எழுதுவியுங்கள். பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

அதற்கும் மசியாவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. உங்களுடையது போன்ற தொகைக்கு அங்கே போகாமல் நேரே வழக்கிட முடியாது. அங்கே சட்டத்தரணி வாதாடுவதில்லை. நீங்களும் அவரும் நேரில் பேசுவீர்கள். சிங்களத்தில் பேசத் தயக்கமென்றால் தலைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எந்தச் சபை, எங்கே கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டே நீதிமன்றம் போக வேண்டும். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

காலத்தைக் கடத்தாதீர்கள். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம் என்பது காலாவதிச் சட்டம். மூன்று வருடம்தான் என்று எண்ணி நடப்பதே பாதுகாப்பு.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். வீட்டைக் காலி செய்யாதவரிடமிருந்து அதை விரைவில் மீட்க வீட்டுக்காரர்களுக்கு 2023இல் தனிச் சட்டமே வந்தது. வாடகைக்காரரின் முற்பணத்துக்கு அப்படியொரு காவல் இங்கே இல்லை. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான வாடகை வீடுகளின் முற்பணத்தை அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் வீட்டுக்காரர் பாதுகாக்க வேண்டும். இங்கும் அது வேண்டும். பேராதனையில் அறை எடுக்கும் மாணவர் முதல் மஹியாவை குடும்பங்கள் வரை எத்தனையோ பேரின் சேமிப்பு இப்படி முடங்குகிறது.

வீடு மாறப்போகும் மற்ற வாசகர்களுக்கு: வீட்டுக்காரரோடு அறை அறையாகப் பார்த்து, படமெடுத்து, மீற்றர் அளவைக் குறித்து, “சாவி பெற்றுக்கொண்டேன், இவ்வளவு பணம் திருப்பித் தர வேண்டும்” என்று அவர் ஒப்பமிட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.