மணல் காலி இடமா?



சர்வே கேம்ப் என்றால் நம்மில் பலருக்குப் பிக்னிக் நினைப்புதான். வேதாரண்யத்தை அடுத்த ஆறுகாட்டுத்துறையில் ஒரு பெரியவர் என்னைத் தடுத்து நிறுத்தும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

"தம்பி, அந்தக் குச்சிய அங்க ஊணாதீங்க. வலை காயப்போடுற எடம்."

"சும்மாதானே கெடக்கு தாத்தா?"

"இப்ப சும்மா கெடக்கு. போட்டெல்லாம் தொழிலுக்குப் போயிருக்கு. கரைக்கு வந்தப்புறம் வந்து பாருங்க, நிக்க எடம் இருக்காது."

என் ஃபீல்டு புக்கில் அந்த இடத்துக்கு நேரே 'காலி மணல்' என்று எழுதியிருந்தேன். வெட்கத்தோடு அடித்துவிட்டேன். அன்று கற்ற பாடத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சென்ற ஆண்டு சென்னைக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது கோவளம் போனோம். கேரளத்துக் கோவளம் இல்லை. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீனவ ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை இருந்தது. 1752-இல் கிளைவின் படை அதைப் பிடித்தது. 1974-இல் அங்கே கடலோரச் சொகுசு ஓட்டல் வந்தது. 2013 முதல் அலைச்சறுக்கு விழா நடக்கத் தொடங்கியது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பலகையேறி அலையில் சறுக்கப் பழகி, வெளியூர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். 2021-இல் அந்தக் கடற்கரைக்கு 'நீலக்கொடி' சான்றிதழ் கிடைத்தது. டென்மார்க்கிலுள்ள ஓர் அமைப்பு தருவது அது. நீரின் தூய்மை, பாதுகாப்பு, கழிவு மேலாண்மை, சுற்றுச்சூழல் கல்வி என 33 அளவுகோல்கள் உண்டு. ஒருமுறை வாங்கி மாட்டிவிட்டால் போதாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பஜ்ஜிக் கடை அக்கா ஒருவரிடம், "டூரிஸ்ட் வந்ததால நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன். "சனி, ஞாயிறு வியாபாரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மத்த நாள்ல மீனுதாம்பா சோறு போடுது. போட்டு ஏத்துற எடத்த மட்டும் யாரும் கேக்கக் கூடாது" என்றார். ஆறுகாட்டுத்துறைப் பெரியவர் சொன்ன அதே சேதி!

ஓட்டலுக்குக் கடற்கரை என்பது அழகு. மீனவருக்கு அது ஒர்க்‌ஷாப். படகு நிறுத்த, எஞ்சின் பழுதுபார்க்க, வலை பின்ன, மீன் ஏலம்விட, கருவாடு காயவைக்க எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான். ஆனால் அதற்குப் பட்டா இருப்பதில்லை. ஆகவே வரைபடத்தில் அது காலியாகத் தெரிகிறது.

இன்னொன்று, மணல் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. அலை சாய்வாக அடிப்பதால் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். சென்னை, புதுச்சேரிப் பக்கம் ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல்தான் அதிகம். சென்னைத் துறைமுகச் சுவர் அதை மறித்தது; தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. புதுச்சேரியிலும் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் எழுந்தபின், வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. ஒரு இடத்தில் கல் கொட்டினால் பக்கத்து ஊர்க்காரனின் ஒர்க்‌ஷாப் கடலுக்குள் போகிறது. நம் கோடியக்கரையிலோ கரையே மேற்கே திரும்புகிறது. அந்த ஊர்க் கணக்கை இங்கே அப்படியே ஒட்டக்கூடாது. அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டடம் வளராத பகுதியாக வைத்தது. 2019 அறிவிக்கை, சதுர கி.மீ.க்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. மற்ற கிராமங்களுக்கு 200 மீட்டர்தான். கடற்கரையில் தற்காலிகக் குடில், கழிப்பறை போன்றவற்றுக்கும் இடம் தந்தது. அதே அறிவிக்கையில் ஒரு நல்ல வாசலும் உண்டு: இருக்கிற வீட்டின் அளவையும் அமைப்பையும் மாற்றாமல் அதையே விருந்தினர் தங்குமிடமாக நடத்தலாம். அப்படியானால் வாடகைப் பணம் மீனவர் வீட்டிலேயே தங்கும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? வேளாங்கண்ணிக்குத் தெற்கே, நம் நாகை மாவட்டத்துக் காமேஸ்வரம் கடற்கரையையும் நீலக்கொடித் திட்டத்தில் தமிழக அரசு சேர்த்தது. நாளை அது போன்ற இடத்தில் லெவல் எடுக்கப் போவது நம்மில் ஒருவராக இருக்கலாம். அப்போது மூன்று காரியம் செய்யுங்கள்.

1. பிளான் போடுமுன் படகுத் துறை, வலை காயும் இடம், ஏலக் கொட்டகை, கடலுக்குப் போகும் பாதை ஆகியவற்றைக் குறியுங்கள். கார் பார்க்கிங் அதன் பிறகு.

2. சித்திரையில் மட்டும் அளக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறும். படகையும் மேலே ஏற்ற வேண்டும். அந்த மாதத்து அகலம்தான் உண்மையான அகலம்.

3. ஊர்ப் பஞ்சாயத்தாரையும் மீன் விற்கும் பெண்களையும் கேளுங்கள். 2004 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது, 2018 கஜா புயலில் எது விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

டூரிஸ்ட் வரட்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர்கள் உட்காரும் நாற்காலி, ஒருவர் படகு நிறுத்தும் இடத்தில் இருக்கக் கூடாது.

அன்று பெரியவர் காட்டிய இடத்தில்தான் ரேஞ்சிங் ராடை மாற்றி ஊன்றினேன். லைன் கொஞ்சம் நீண்டது. ஒரு ரீடிங் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் செலவு, நண்பர்களே!