புதிய கேமிங் லாப்டாப்: உடனே வாங்கலாமா?

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 5070 லாப்டாப்பை வாங்கலாமா, பழைய 4070 போதுமா? – வாசகர், லாசால், மொன்றியல்

பதில்: இரண்டு லாப்டாப்புகளிலும் கிராபிக்ஸ் நினைவகம் 8 ஜிபிதான், 12 ஜிபிக்கு 5070 டிஐ வரை போகவேண்டும். ஆகவே நல்ல தள்ளுபடியில் கிடைக்கும் 4070 பலருக்குப் போதும். பெயரைவிட வாட் அளவே முக்கியம். அதே 5070 ஒரு மெல்லிய லாப்டாப்பில் 50 வாட்டிலும் தடித்த ஒன்றில் 100 வாட்டிலும் ஓடலாம், வேகமும் அதற்கேற்பவே. கடை விளம்பரங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை.

கியூபெக்கில் 2,000 டாலர் என்று போட்டிருந்தால், 14.975 சதவீத வரியோடு கட்டவேண்டியது 2,299.50. பொருள் நியாயமான காலம் உழைக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். ஆகவே கடை விற்கும் கூடுதல் உத்தரவாதம் பெரும்பாலும் வீண்செலவு. விசைப்பலகை பிரெஞ்சு அமைப்பா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம்.