மண்ணில்லாத் தோட்டமும் தன்னியக்கமும்

மழை பயிருக்கு உயிர் என்பர். இறக்குவானை மலைச்சாரலிலோ அதுவே பயிருக்குப் பகையாவதும் உண்டு. நம் மாணவர் பாடசாலைச் சரிவில் இட்ட கீரைப் பாத்தியை ஓரிரவுப் பெருமழை மண்ணோடு வாரிக்கொண்டு போயிற்று. லயன் வாசலில் நாலடி நிலமும் இல்லாத மாணவன் ஒருவன், "மண் இல்லாமற் பயிரிட முடியாதா, ஐயா?" என வினவினான். அவ்வினாவுக்கு விடையாக இதனை எழுதுகின்றோம்.

முடியும். செடிக்கு வேண்டுவன ஒளி, நீர், காற்று, சில கனியுப்புக்கள் என்பனவே. 1860 அளவில் ஜேர்மன் அறிஞர் யூலியசு சாக்சு உப்புக் கரைசலிற் செடி வளர்த்து இதனை நிறுவினார். 1946இல் சோல்ற்றோ டக்ளசு என்பார், நம் மலைகளைப் போலவே தேயிலை விளையும் டார்ஜிலிங் மாவட்டத்துக் கலிம்பொங்கில் ஆய்வு தொடங்கி, சரளையும் மணலும் நிரப்பிய தொட்டியில் எளியோரும் பயிரிடத்தக்க முறையொன்றை வகுத்தார். அது வங்காள முறை எனப் பெயர்பெற்றது.

இம்முயற்சியின் மறுகோடியை அந்தாட்டிக்காவிற் கண்டனர். அங்கே ஜேர்மனியரின் மூன்றாம் நொய்மாயர் நிலையத்தருகே 2018இல் ஈடன் ஐ.எஸ்.எஸ். என்னும் பயிர்க்கூடம் அமைந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிர். பல வாரம் சூரியன் எழுவதில்லை. உள்ளே மின்விளக்கே சூரியன். தொங்கும் வேர்களின்மேற் பம்பி கரைசலைத் தூவிற்று. கரைசலின் அமிலத்தன்மையையும் உப்புச் செறிவையும், அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் உணரிகள் அளந்தன. கணினி அவற்றைச் சீர்செய்தது. தொலைவிலுள்ள பிறேமன் நகரிலிருந்தும் கண்காணித்தனர். 12.5 சதுர மீற்றர்ப் பரப்பில் ஒன்பதரை மாதத்தில் 268 கிலோகிராம் மரக்கறி விளைந்தது. அவ்வளவு இயந்திரம் இருந்தும், ஒருவர் நாள்தோறும் மூன்று நான்கு மணிநேரம் செடிகளைப் பேணவேண்டியிருந்தது.

ஈண்டு ஊன்றி அறியத்தக்கது ஒன்றுண்டு. அவ்வாறு தொங்கும் வேர், பம்பி நின்றாற் சில மணிநேரத்தில் வாடிவிடும். ஆதலின் தன்னியக்கத்தை மெச்சுமுன், "இது நின்றாற் பயிர் எத்துணை நேரம் பிழைக்கும்?" எனக் கேட்டல் வேண்டும். இடிமழையில் மின்சாரம் அற்றுப்போகும் தோட்டப்புறத்தார்க்கு இதுவே முதல் வினா.

நமக்கேற்றது நிலைநீர் முறை. பொலித்தீன் விரித்த றெஜிபோம் பெட்டியில் அல்பேட் கலவையை உறையிற் குறித்த அளவிற் கரைத்து நிரப்புக. மூடியின் துளைகளிற் சலாது நாற்றை, வேர்நுனி கரைசலைத் தொடுமாறு நிறுத்துக. செடி உறிஞ்ச உறிஞ்ச நீர்மட்டம் தாழும். மேல்வேர் காற்றையும் கீழ்வேர் நீரையும் பெறும். பம்பியும் மின்சாரமும் வேண்டா. மழைநீர் விழாத, வெளிச்சமுள்ள இடத்திற் பெட்டியை வைக்க. அமிலத்தன்மை 5.8க்கும் 6.5க்கும் இடையில் இருத்தல் நன்று. மூடி இடைவெளியின்றிப் பொருந்துதல் வேண்டும். ஒளி புகுந்தாற் பாசி படரும், நுளம்பு புகுந்தால் டெங்கு பரவும்.

பொறியியல் பயின்ற பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: கரைசல் எவ்வளவு எஞ்சியுள்ளது எனக் காட்டும் மிதவையொன்றைச் செய்ய நம் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். தன்னியக்கத்தின் முதற் பாடம் அதுவாகட்டும். கொழுந்து பறித்து மாலையில் மீளும் தாய், அடுப்பு மூட்டுமுன் வாசற் பெட்டியில் ஒரு பிடி இலை கிள்ளுவாளாயின், அம்மாணவனின் வினாவுக்கு நாம் முழுவிடை அளித்தவராவோம்.