வண்டியின் நோய் அறிதல்

காய்ச்சல் என்று வந்தவனுக்குக் கைக்கு எட்டிய மருந்தையெல்லாம் கொடுப்பவன் மருத்துவன் ஆகான். நோயின் காரணத்தை ஆராய்ந்து அறிபவனே நல்ல மருத்துவன். இவ்வுண்மை இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்டு, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் மோட்டார் வண்டி ஒன்று, நெடுநாள் கொட்டகையில் நின்றது எனக் கொள்வோம். அதன் பாட்டரி வலிவிழந்தது. உரியவர் புதிய பாட்டரி வாங்கிப் பொருத்தினார். அப்பொழுதும் வண்டி புறப்படவில்லை. புதிய பாட்டரியைப் பழிப்பதா? வண்டியையே விற்றுவிடுவதா? இரண்டும் வேண்டா, முறையாக ஆராய்தலே வேண்டும்.

பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் மின்னழுத்தம் தரும். நிறைவாக மின்னேற்றம் பெற்ற பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும்; 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் அது பெரிதும் வலிவிழந்தது என்று அறியலாம்.

அளவு சரியாக இருப்பின், முன்விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்டார்ட்டரை இயக்கிப் பார்த்தல் வேண்டும். விளக்குகள் மிக மங்கினால், மின்னோட்டத்திற்கு வழியில் தடை உண்டு என ஐயுறலாம். முனைகளிற் படிந்த வெண்பூச்சு இத்தகைய தடையாம். விளக்குகள் மங்காமலும் ஸ்டார்ட்டர் அசையாமலும் இருப்பின், மின்னோட்டம் ஸ்டார்ட்டரை எட்டவில்லை. சுவிட்சையும் கம்பிகளையும் சோதிக்க வேண்டும். எஞ்சின் விரைந்து சுழன்றும் இயங்காதாயின், குற்றம் பாட்டரியினுடையது அன்று; பெரும்பாலும் தீப்பொறியோ பெட்ரோலோ வந்து சேரவில்லை என்பதே பொருள்.

நாம் கூறிய வண்டியில் விளக்குகள் மங்கின. பாட்டரியின் உடலிணைப்பு முனையை முதலிற் கழற்றி, மற்றதைப் பின்னர்க் கழற்றி, கவ்விகளைச் சமையற் சோடா கலந்த வெந்நீராற் கழுவினர். எஞ்சின் முழங்கி எழுந்தது!

ஆயினும் ஆராய்ச்சி அத்துடன் முடியவில்லை. எஞ்சின் ஓடும்பொழுது பாட்டரி முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் இருத்தல் வேண்டும். இல்லையேல் டைனமோ மின்னேற்றம் செய்யவில்லை. புதிய பாட்டரியும் பழையதன் வழியே செல்லும். விசிறிப் பட்டையின் தளர்ச்சியும் இதற்குக் காரணமாகலாம்.

ஓர் எச்சரிக்கை: மின்னேற்றம் பெறும் பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனருகே தீக்குச்சி கிழித்தல் கண்ணையே இழக்கச் செய்யும்.

மாணவர்களே! ஒரு கரண்டிச் சோடாவால் தீரும் குறைக்கு ஆயிரக்கணக்கில் பொருள் இழப்பவர் பலர். ஐயம் எழுந்தவுடன் பொருளை மாற்ற முற்படாது, காரணத்தைத் தேடுதலே அறிவுடைமையாகும்.